பொறுப்பு வந்தது, அதிகாரம் வரவில்லை

வாசகர் கடிதம்:

"மென்பொருள் நிறுவனம் ஒன்றில் நான்கு ஆண்டுகள் நிரலாளராக இருந்தேன். ஐந்து மாதங்களுக்கு முன் என்னைத் திட்ட மேலாளர் ஆக்கினார்கள். குழுவில் ஏழு பேர். இருவர் என்னைவிட அனுபவம் கூடியவர்கள். யாருடைய சம்பள உயர்வும் விடுப்பும் என் கையில் இல்லை, அதெல்லாம் துறைத் தலைவரிடம். வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டால், 'ஏறக்குறைய முடிந்துவிட்டது' என்ற பதில்தான் வாரக்கணக்கில் வருகிறது. போன மாதம் ஒரு வெளியீடு இரண்டு வாரம் தள்ளிப்போனது. தாமதமாகும் என்ற சந்தேகம் எனக்கு முன்பே இருந்தது. எப்படியும் சமாளித்துவிடுவார்கள் என்று நம்பினேன். கடைசியில் எல்லார் முன்னிலையிலும் பதில் சொன்னவன் நான்தான். தேதி கேட்கிறார்கள், சொன்னால் மாட்டிக்கொள்கிறேன், சொல்லாவிட்டால் திறமை இல்லை என்கிறார்கள். பகல் முழுவதும் கூட்டங்கள். மாலையில் யோசித்தால் எதுவுமே செய்யவில்லை என்று தோன்றுகிறது. திட்ட மேலாளர்களுக்கான பி.எம்.பி. சான்றிதழ் வாங்கினால் மதிப்புக் கூடுமா? இல்லை, நிரல் எழுதவே திரும்பிவிடலாமா?"

பதில்:

உங்கள் கடிதத்தில் ஒரு வாக்கியத்தை இரண்டு முறை படித்தேன். தாமதமாகும் என்ற சந்தேகம் முன்பே இருந்தது என்கிறீர்கள்; எத்தனை நாள் முன்பு என்று எழுதவில்லை. அந்தக் கூட்டத்தில் உங்களைக் கேட்டவர்களின் கோபம் பெரும்பாலும் அந்த நாள் கணக்கைப் பற்றியதாகத்தான் இருந்திருக்கும். இரண்டு வாரத் தாமதத்தைத் தாங்காத நிறுவனம் அபூர்வம். அதைக் கெடு நாளன்று கேள்விப்படுவதைத்தான் யாராலும் தாங்க முடியாது, ஏனென்றால் அன்று அவர்கள் செய்வதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது.

புதிதாக இந்தப் பொறுப்புக்கு வருகிறவர்கள், மற்றவர்களை வேலை வாங்குவதுதான் நம் வேலை என்று எண்ணிக்கொண்டு வருகிறார்கள். வேலை வாங்க அதிகாரம் வேண்டும், அது நம்மிடம் இல்லை, ஆகவே நமக்கு இது ஒத்துவராது என்று சில மாதங்களில் முடிவுகட்டிவிடுகிறார்கள். நான் இந்த வேலையை வேறு விதமாகப் பார்க்கிறேன். எது நடக்கிறது, எது நடக்கவில்லை என்ற உண்மையைத் தேடிப் பிடித்து, முடிவெடுக்க வேண்டியவரிடம், முடிவெடுக்க இன்னும் நேரம் இருக்கும்போதே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அதற்குத்தான் நமக்குச் சம்பளம். அதற்கு யாருடைய சம்பள உயர்வும் நம் கையில் இருக்க வேண்டியதில்லை.

உண்மையைப் பிடிப்பது எப்படி? 'எவ்வளவு முடிந்தது?' என்ற கேள்வியை இன்றோடு விட்டுவிடுங்கள். அந்தக் கேள்விக்கு 90 சதவீதம் என்பதைத் தவிர வேறு பதிலே கிடைக்காது. கேட்கப்படுகிறவர் பொய் சொல்வதில்லை; தனக்குத் தெரிந்த வேலையில் 90 சதவீதம் முடிந்திருக்கும். தெரியாத வேலை அந்தக் கணக்கில் சேராது. ஓர் உரையாடலை அப்படியே எழுதிக் காட்டுகிறேன்.

"கட்டணப் பக்கம் எந்த நிலையில் இருக்கிறது?"

"ஏறக்குறைய முடிந்துவிட்டது."

"இப்போது நானே உட்கார்ந்து பணம் செலுத்திப் பார்க்கலாமா?"

"பார்க்கலாம். ஆனால் பணத்தைத் திருப்பித் தரும் பகுதி இன்னும் ஓடாது."

"அதற்கு என்ன தேவைப்படுகிறது?"

"வங்கியிலிருந்து சோதனைக் கணக்கு வர வேண்டும்."

"யாரிடம் கேட்டிருக்கிறோம்?"

"போன வாரம் மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் வரவில்லை."

உங்கள் வேலை இந்தக் கடைசி வரியில்தான் தொடங்குகிறது. ஒரு நிரலாளர் வங்கிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, பதில் வராததால் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அவர்மேல் தவறே இல்லை. வங்கியில் யாரைத் தொலைபேசியில் பிடிக்க வேண்டும், அவரும் அசையாவிட்டால் அவருக்கு மேலே யார் என்பதெல்லாம் உங்கள் பாடு. அன்று மாலைக்குள் அந்தக் கணக்கை வாங்கிக் கொடுத்துப் பாருங்கள். அடுத்த முறை எங்காவது சிக்கிக்கொண்டால் அவரே உங்களைத் தேடி வந்து சொல்வார். இல்லையே என்று நீங்கள் வருந்தும் அந்த அதிகாரம் இந்த வழியாகத்தான் வரும். நியமனக் கடிதத்தில் வந்து நான் பார்த்ததில்லை.

இன்னொரு சின்ன ஏற்பாடும் உதவும். வேலைகளை இரண்டு மூன்று நாளில் முடியக்கூடிய துண்டுகளாக உடைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் 'முடிந்தது', 'முடியவில்லை' என்ற இரண்டே நிலைகள். சதவீதம் வேண்டாம். எந்தச் சோதனையில் தேறினால் முடிந்ததாகக் கொள்வோம் என்பதைத் தொடங்கும் முன்பே பேசிவிடுங்கள்.

பிடித்த உண்மையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அடுத்த கட்டம். இதில்தான் பலருக்கும் கால் பின்னுகிறது. பெரும்பாலான நிறுவனங்களில் வார அறிக்கைக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் கொடுப்பார்கள். உள்ளே வேலை திணறிக்கொண்டிருக்க, மேலே போகும் தாளில் வாராவாரம் பச்சை இருக்கும். வெளியே பச்சை, உள்ளே சிவப்பு. தர்பூசணி அறிக்கை என்று தொழிலில் இதற்குப் பெயரே உண்டு. சந்தேகம் வந்த அன்று நீங்கள் அனுப்பியிருக்க வேண்டிய கடிதம் ஏறக்குறைய இப்படி இருந்திருக்கலாம்:

"12ஆம் தேதி வெளியீடு 26ஆம் தேதிக்குத் தள்ளிப்போக வாய்ப்பு இருக்கிறது. வங்கியின் சோதனைக் கணக்கு இன்னும் வராததே காரணம். அதற்காக இன்று வங்கியின் தொழில்நுட்பப் பிரிவிடம் பேசியிருக்கிறேன். நம் முன் இரண்டு வழிகள் உள்ளன. பணத்தைத் திருப்பித் தரும் வசதி இல்லாமல் 12ஆம் தேதியே வெளியிட்டு, அதை 26ஆம் தேதி சேர்ப்பது ஒன்று. எல்லாவற்றையும் சேர்த்து 26ஆம் தேதி வெளியிடுவது மற்றொன்று. முதல் வழியைப் பரிந்துரைக்கிறேன். வியாழக்கிழமைக்குள் உங்கள் முடிவு தெரிந்தால் அதற்கேற்பச் சோதனையை மாற்றி அமைக்கலாம்."

இதில் யார் பெயரும் இல்லை, மன்னிப்பும் இல்லை. 'முயன்று வருகிறோம்' என்ற சொல்லும் இல்லை. அந்தச் சொல்லைப் படிக்கிறவருக்கு ஒன்றும் தெரியவராது. முடிவு எதைப் பற்றி, யார் எடுக்க வேண்டும், எப்போதைக்குள் என்பது மட்டும் இருக்கிறது. சந்தேகம் பொய்த்துப்போனால் அசட்டுத்தனமாகத் தெரியுமே என்று தயங்காதீர்கள். முன்கூட்டிச் சொல்லி நடக்காமல் போன தாமதத்துக்காக யாரும் உங்களைக் கூட்டத்தில் நிறுத்திக் கேட்கப்போவதில்லை.

கடிதம் யாருக்குப் போக வேண்டும் என்பதும் முக்கியம். ஆட்கள் துறைத் தலைவரின் கீழ், வேலை திட்ட மேலாளரின் கீழ் என்ற ஏற்பாடு உங்கள் நிறுவனத்தில் மட்டும் உள்ள விசித்திரம் இல்லை. பல பெரிய நிறுவனங்கள் அப்படித்தான் இயங்குகின்றன. அந்த ஏற்பாட்டில் உங்களுக்குத் துணையாக ஒருவர் இருந்தே ஆக வேண்டும். இந்தத் திட்டம் வேண்டும் என்று கேட்டு, அதற்குப் பணம் ஒதுக்கியவர்தான் அவர். அவர் யார் என்று கண்டுபிடித்து, அரை மணி நேரம் ஒதுக்கச் சொல்லி இவற்றைக் கேளுங்கள். தேதியும் வேலையின் அளவும் மோதினால் எதை விட்டுக்கொடுக்கலாம்? எத்தனை நாள் தாமதம் என்றால் உடனே உங்களிடம் வர வேண்டும்? இரண்டு துறைகள் ஒரே ஆளைக் கேட்டால் யார் தீர்ப்பது? பதில்களை அன்றே நான்கு வரியில் எழுதி அவருக்கே அனுப்பிவையுங்கள். 'எதையும் விட்டுக்கொடுக்க முடியாது' என்றுதான் முதலில் சொல்வார், எல்லாரும் சொல்வார்கள். வேலை பிசகும் நாளில் எதை முதலில் காப்பாற்ற வேண்டும் என்று மாற்றிக் கேளுங்கள், பதில் வரும்.

மூத்தவர்கள் இருவரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அவர்களை நிர்வகிக்க முயலாதீர்கள். அவர்கள் கவலைப்படும் விஷயம் எது என்று கேளுங்கள். உளவியலாளர் கேரி கிளைன் 2007இல் எழுதிப் பிரபலமாக்கிய ஒரு முறை இதற்குக் கச்சிதமாகப் பொருந்தும். திட்டத்தின் தொடக்கத்தில் குழுவை உட்காரவைத்து, 'ஆறு மாதம் கழிந்துவிட்டது, திட்டம் படுதோல்வி. ஏன் என்று ஆளுக்கு ஐந்து நிமிடம் எழுதுங்கள்' என்று சொல்ல வேண்டும். என்ன தவறு நேரலாம் என்று கேட்டால் வாய் திறக்காத மூத்தவர், தோல்வி ஏற்கெனவே நடந்துவிட்டது என்று வைத்துக்கொண்டால் பக்கம் நிரப்புவார். எதிர்மறையாகப் பேசுகிறவர் என்ற பெயர் அதில் வராது, அனுபவத்துக்கும் மரியாதை கிடைக்கிறது. எழுதியவற்றில் இரண்டையாவது நீங்கள் கையில் எடுத்துத் தீர்த்துவைக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த முறை வெற்றுத்தாள்தான் வரும்.

நிரலாளராக இருந்து வந்தவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. 'நானாக இருந்தால் இரண்டு நாளில் முடித்திருப்பேன்' என்ற வாக்கியம் நாக்கு நுனி வரை வரும். விழுங்கிவிடுங்கள். இரவில் உட்கார்ந்து நீங்களே பிழையைத் திருத்திக் கொடுப்பதும் வேண்டாம். குழுவுக்கு ஓர் அரை நிரலாளர் கிடைப்பார், மேலாளர் போய்விடுவார்.

இனித் தேதி விஷயம். மனிதர்களின் கணிப்பு ஏன் எப்போதும் குறைவாகவே இருக்கிறது என்பதை உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979இலேயே எழுதினார்கள். 1994இல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த கல்லூரி மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். முடித்தது 55 நாளுக்கு மேல். எல்லாமே கெட்டுப்போனால் எத்தனை நாள் ஆகும் என்றும் கேட்டிருந்தார்கள். அதற்கு அவர்கள் சொன்ன சராசரி 49 நாள். உண்மை அதையும் தாண்டியது. சிட்னி ஆபரா ஹவுஸ் கலையரங்கம் 1963இல், 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலரில் முடியும் என்று கணித்தார்கள். அது 1973இல் திறக்கப்பட்டபோது செலவு 10 கோடியே 20 லட்சம் டாலர். ஆகவே உங்கள் குழுவினர் சோம்பேறிகளும் இல்லை, ஏமாற்றுக்காரர்களும் இல்லை.

இதற்கு ஒரு பழைய கருவி இருக்கிறது. அமெரிக்கக் கடற்படை 1958இல் பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவாக்கிய பெர்ட் என்ற திட்டமிடல் முறையிலிருந்து வந்தது அது. ஒரு வேலைக்கு ஒரு நாள் கணக்கைக் கேட்காமல் மூன்றைக் கேட்பார்கள்: எல்லாம் சரியாக நடந்தால் எத்தனை நாள், வழக்கமாக எத்தனை நாள், எல்லாம் கெட்டுப்போனால் எத்தனை நாள். முதலாவதையும் மூன்றாவதையும், இரண்டாவதின் நான்கு மடங்கையும் கூட்டி ஆறால் வகுக்க வேண்டும். 4, 6, 14 என்று சொன்னால் 42ஐ ஆறால் வகுத்து 7 நாள். வகுத்தலைக் கணினியே செய்துவிடும். எனக்கு அதில் பிடித்தது அந்த 14தான். 'ஏன் 14?' என்று கேளுங்கள். 'பழைய தரவுத்தளத்தில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது' என்பார். அப்படியானால் அந்தத் தரவுத்தளத்தை இந்த வாரமே ஒருவர் திறந்து பார்க்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்துவிடுகிறது.

மேலிடம் கூட்டத்தில் தேதி கேட்டால் அந்த இடத்திலேயே சொல்லாதீர்கள். 'நாளை மாலை நான்கு மணிக்குச் சொல்கிறேன்' என்று சொல்லிவிட்டு, நான்கு மணிக்குச் சொல்லுங்கள். முன்யோசனை இல்லாமல் சொன்ன தேதியை நீங்கள் மறந்துவிடலாம், கேட்டவர் நாட்குறிப்பில் எழுதிவிடுவார். தொடக்கத்தில் ஒற்றைத் தேதியைவிட இடைவெளியாகச் சொல்வது நேர்மையானது: 'மாத நடுவுக்கும் கடைசிக்கும் இடையில்; தரவுத்தளத்தைப் பார்த்த பிறகு இன்னும் சுருக்கிச் சொல்கிறேன்.' தேதியே மேலிருந்து இறங்கி வந்தால் (பாதி நேரம் அப்படித்தான் வரும்) அதை எதிர்த்து வாதாடிப் பயனில்லை. அந்தத் தேதிக்குள் எவையெல்லாம் அடங்கும், எவை அடங்காது என்ற பட்டியலைக் கொடுங்கள். பேச்சு தேதியிலிருந்து பட்டியலுக்கு நகரும். அது உங்களுக்குச் சாதகமான இடம்.

தாமதம் என்றதும் 'இன்னும் மூன்று பேரைத் தருகிறோம்' என்பார்கள். வாங்கும் முன் யோசியுங்கள். தாமதமான மென்பொருள் திட்டத்தில் ஆள் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று ஃபிரெட் புரூக்ஸ் 1975இல் எழுதினார், ஐ.பி.எம். நிறுவனத்தில் பெரியதோர் இயக்க முறைமையை உருவாக்கும் பணியை நடத்திய அனுபவம் அவருக்கு. ஏழு பேருக்குள் ஒருவரோடொருவர் பேசும் இணைப்புகள் 21. பத்துப் பேரானால் 45. புதியவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியவர்களும் ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும் அதே ஏழு பேர்தான்.

'சின்ன மாற்றம்தான்' என்று வரும் கோரிக்கைகளுக்கு ஆம், இல்லை இரண்டுமே சொல்ல வேண்டாம். 'செய்யலாம், மூன்று நாள் ஆகும், எதைப் பின்னால் தள்ளலாம்?' என்று கேட்டால் போதும். பாதிக் கோரிக்கைகள் அங்கேயே காணாமல் போய்விடும். வேலையைச் சில வாரச் சுற்றுகளாகப் பிரித்துச் செய்யும் ஸ்க்ரம் முறையில் உங்கள் குழு இயங்கினால் ஒன்றைக் கவனியுங்கள். அதன் அதிகாரபூர்வ வழிகாட்டியில் திட்ட மேலாளர் என்ற பொறுப்பே கிடையாது. தயாரிப்பு உரிமையாளர், ஸ்க்ரம் மாஸ்டர், உருவாக்குநர்கள் என்ற மூவர் மட்டும்தான். அவர்களுக்கும் உங்களுக்கும் இடையில் எது யாருடைய வேலை என்று உட்கார்ந்து பேசிக்கொள்ளாவிட்டால் மரியாதையாகவே ஒருவரையொருவர் இடித்துக்கொண்டிருப்பீர்கள்.

மாலையில் வெறுமையாக இருக்கிறது என்கிறீர்கள். நிரலாளருக்கு மாலையில் ஓடும் நிரல் ஒன்று கையில் இருக்கும். உங்களுக்கு இருப்பது, வியாழக்கிழமை வர வேண்டிய முடிவு செவ்வாய்க்கிழமையே வந்தது என்பதுதான். அதைக் கண்ணால் பார்க்க முடியாது. கிளம்பும் முன் ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதுங்கள்: இன்று எந்தத் தடை நீங்கியது, யார் எதை முடிவு செய்தார். ஒரு வாரம் முழுவதும் எழுத ஒன்றும் இல்லை என்றால் அந்த வாரக் கூட்டங்களில் பாதியை ரத்து செய்துவிடலாம், யாருக்கும் நஷ்டம் இல்லை. ஆண்டு முடிவில் உங்கள் மதிப்பீடு நடக்கும்போது அந்த நோட்டு வேறொரு விதத்திலும் உதவும்.

சான்றிதழ்: 1969இல் தொடங்கிய பி.எம்.ஐ. என்ற திட்ட மேலாண்மை அமைப்பு 1984 முதல் பி.எம்.பி. தேர்வை நடத்திவருகிறது. அதற்கு விண்ணப்பிக்க, நான்கு ஆண்டுப் பட்டம் பெற்றவர்களுக்கு 36 மாதம் திட்டங்களை வழிநடத்திய அனுபவமும் 35 மணி நேரப் பயிற்சியும் தேவை. நீங்கள் நிரல் எழுதிய நான்கு ஆண்டுகள், அதில் எதையாவது வழிநடத்தியிருந்தால் ஒழிய, கணக்கில் வராது. ஆகவே இப்போதைக்குக் கேள்வியே எழவில்லை. தொடக்க நிலையினருக்கான சி.ஏ.பி.எம். தேர்வுக்கு அனுபவம் தேவையில்லை, 23 மணி நேரப் பயிற்சி போதும். பிரிட்டனில் உருவான பிரின்ஸ்2 என்ற திட்ட மேலாண்மை முறையின் அடிப்படைத் தேர்வுக்கும் அனுபவம் கேட்பதில்லை.

வாங்கினால் மதிப்புக் கூடுமா? வெளியே வேலை தேடும்போது கூடும். பல நிறுவனங்கள் விளம்பரத்திலேயே கேட்கின்றன. நீங்கள் போக விரும்பும் வகை வேலைகளின் விளம்பரங்களில் இருபதைப் படித்துப் பார்த்தால் உங்களுக்கு அது தேவையா என்று தெரிந்துவிடும். இப்போதிருக்கும் ஏழு பேரிடம் மதிப்புக் கூடாது. அவர்களுக்கு வங்கியின் சோதனைக் கணக்கை வாங்கிக் கொடுத்தவர்தான் மேலாளர். எப்படியானாலும் ஒரு காரியத்தை இன்றே தொடங்குங்கள். நீங்கள் நடத்தும் ஒவ்வொரு திட்டத்தின் தொடக்க மாதம், முடிவு மாதம், நோக்கம், உங்கள் பங்கு, முடிவு ஆகியவற்றைக் குறித்துவையுங்கள். பி.எம்.பி. விண்ணப்பத்தில் இவற்றை எல்லாம் கேட்பார்கள். சில விண்ணப்பங்களைத் தணிக்கைக்கும் எடுப்பார்கள். மூன்று ஆண்டு கழித்து நினைவிலிருந்து எழுதுவது பெரும் தொல்லை.

நிரல் எழுதத் திரும்புவது பற்றி: ஐந்து மாதம் இதற்குப் போதாது. பழைய வேலையின் திருப்தி இதில் இல்லை என்று தெரிந்துகொள்ள மட்டுமே அது போதும். ஒரு திட்டத்தைத் தொடக்கத்திலிருந்து ஒப்படைப்பு வரை முழுதாக ஒரு முறை நடத்திப் பாருங்கள். அதற்குப் பிறகும் கெட்ட செய்தி சொல்ல வேண்டிய நாட்களில் வயிறு கலங்கினால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பழகப் பழகக் குறையும். ஆனால் மற்றவர் சிக்கலை அவிழ்த்துக் கொடுத்ததில் உங்களுக்குத் துளியும் மகிழ்ச்சி இல்லை, அடுத்தவர் திரையில் ஓடும் நிரலைப் பார்க்கும்போதுதான் மனம் இழுக்கிறது என்றால், திரும்பிப் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தொழில்நுட்பத் தலைமைப் பொறுப்புகளில் இந்த மாதங்களின் அனுபவம் நன்றாகவே பயன்படும். அப்படி முடிவெடுத்தால் ஒரு வெளியீட்டுக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட வாரத்தில் துறைத் தலைவரிடம் பேசுங்கள். நிலுவையில் உள்ள முடிவுகள் எவை, அவை ஒவ்வொன்றும் யாரிடம் காத்திருக்கின்றன என்ற பட்டியலோடு போங்கள்.